செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு: புயல் கரையேறிய பிறகும் எங்களுக்குச் செய்தி சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவன். புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். கார்த்திகையில் வங்கக் கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவாகிவிட்டால் எங்கள் ஊர் டீக்கடையில் உங்கள் சேனல்கள்தான் ஓடும். நீங்கள் சொல்வதை நம்பித்தான் கண்மாய் மடையைத் திறப்பதா, நாற்றங்காலைக் காப்பதா என்று பேசி முடிவெடுக்கிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கடலில் இருக்கும்வரை புயலை நீங்கள் விடாமல் காட்டுகிறீர்கள். உங்கள் செய்தியாளர்கள் கடற்கரையில் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் மனசு பதறும். ஆனால் "கரையைக் கடந்தது, வலுவிழந்தது" என்று ஓடியதும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறீர்கள். உள்மாவட்டத்துக்காரர்களுக்குப் பல சமயம் அப்போதுதான் மழையே ஆரம்பிக்கிறது.

புயலுக்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர். மேலிருந்து ஏறக்குறைய 50 மீட்டர் ஆழம்வரை 26.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எழும் நீராவி மேலே குளிர்ந்து துளியாகும்போது தன் வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பத்தால் காற்று இன்னும் மேலேறுகிறது, கீழே அழுத்தம் குறைகிறது, சுற்றிலுமிருந்து ஈரக்காற்று ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் அது வளைந்து சுற்றத் தொடங்குகிறது. தரையேறியதும் இந்தத் தீனி நின்றுபோகிறது. மரமும் மேடும் கட்டடமும் காற்றை மறிக்கின்றன. சில மணி நேரத்தில் வேகம் விழுந்துவிடும். அள்ளிவந்த ஈரமோ வானத்தில்தான் இருக்கிறது, கிழக்குக் காற்று மேலும் மேலும் கொண்டுவந்து சேர்க்கிறது.

தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று வானிலைத் துறை தரம் பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் பெயர் கிடைக்கும். மழை அந்தக் கணக்கில் சேராது. புயல் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதுதான் மழைக்கு முக்கியம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அங்கேயே அசையாமல் நின்றது. அப்புறம் வலுவிழந்து உள்ளே நகர்ந்தபோதுதான் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஊத்தங்கரைக்கும் கடலுக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல். மதுரை அதைவிடக் கடலுக்குப் பக்கம். 2018-இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, திண்டுக்கல், கொடைக்கானல் வழியாக மேற்கே போய் அரபிக் கடலில் இறங்கியது. கொடைக்கானல் மலையில் மண் சரிந்து உயிர்கள் போயின. 2023 டிசம்பரில் வந்ததோ புயலே இல்லை. குமரிக் கடல் பக்கம் ஒரு காற்றுச் சுழற்சி, அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! மதுரைக்கு ஓராண்டு முழுக்க அவ்வளவு மழை கிடைப்பதில்லை. பெயர் இல்லாததால் அதைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவது, புயலின் பாதை என்று உங்கள் படத்தில் வரும் அந்த ஒற்றைச் சிவப்புக் கோடு. வானிலைத் துறை வெளியிடும் படத்தில், புயலின் மையம் எந்த எல்லைக்குள் போகலாம் என்று காட்டும், போகப்போக விரியும் ஒரு கூம்பு இருக்கிறது. அதை ஏன் எடுத்துவிடுகிறீர்கள்? அட்லாண்டிக்கில் சூறாவளிக்கு உள்ளேயே விமானத்தை ஓட்டி அழுத்தமும் காற்றும் அளந்து வருகிறார்கள். வங்கக் கடலில் நமக்கு அந்த வசதி இல்லை. இன்சாட் செயற்கைக்கோள் படங்களில் மேகம் சுருண்டிருக்கும் வடிவத்தைப் பார்த்து, டுவோராக் என்ற அமெரிக்கர் வகுத்த முறையில் வேகத்தைக் கணிக்கிறார்கள். கடலில் மிதக்கும் மிதவைகள் கொஞ்சம் உதவும், கரைக்குப் பக்கத்தில் வந்தால் ரேடார் உதவும். பிறகு கணினி மாதிரிகளைத் தொடக்க அளவுகளைச் சற்றே மாற்றிமாற்றிப் பல தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். எல்லாம் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பிக்கை கூடும், சிதறினால் குறையும். இவ்வளவு உழைத்தும், ஒரு நாளைக்கு முன்னால் சொல்லும் மையம் சராசரியாக 70, 80 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. உலக அளவில் அது நல்ல கணிப்புதான். ஆனால் 80 கிலோமீட்டர் என்பது மதுரைக்கும் காரைக்குடிக்கும் இடையிலான தூரம்.

அந்தக் கூம்பும் மையம் போகும் பாதைக்கு மட்டும்தான், மழை அதைத் தாண்டியும் கொட்டும். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து பாம்பன் அருகே நின்றபோது, வெகுதூரம் வடக்கே சிதம்பரத்திலும் கொள்ளிடத்திலும் 30 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது.

மதுரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காரைக்கால் ரேடார் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பூமி வளைந்திருப்பதால் அதன் கதிர் எங்கள் தலைக்கு மேல் வரும்போது 4 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டிவிடும். கீழே பெய்வதில் ஒரு பங்கு அதன் கண்ணில் படாது. அதனால் இங்குள்ள செய்தியாளர் "இப்போது எங்கே, எவ்வளவு பெய்கிறது" என்று சொல்வது எங்களுக்குப் பெரிய உதவி. 2024 அக்டோபரில் மதுரை செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததே, அதற்குப் புயல் தேவைப்படவில்லை.

நான் கேட்பது இதுதான். கரையேறிய பிறகு இன்னும் இரண்டு நாள், மணிக்கு ஒருமுறையாவது உள்மாவட்டங்களுக்கான எச்சரிக்கையைப் படியுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் ஒரு நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர், சிவப்பு என்றால் அதற்கும் மேல் என்று அளவோடு சொல்லுங்கள். பெரியாற்றுத் தண்ணீரால் ஏற்கெனவே நிறைந்து நிற்கும் கண்மாயில் 12 சென்டிமீட்டர் மழை என்றால் மிஞ்சிய தண்ணீர் வழிந்து மறுகால் பாயும், கரை பலவீனமாக இருந்தால் உடையும். மாலை ஆறு மணிக்குத் தெரிந்தால் ஷட்டரைத் தூக்கிவிடலாம், மணல் மூட்டை அடுக்கலாம், பள்ளத்தெரு சனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். இரவு இரண்டு மணிக்குத் தெரிந்து என்ன செய்ய?

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. அதற்குள் உங்கள் செய்தியறையில் ஒருவரையாவது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்துக்கு அனுப்பி, அந்தக் கூம்பை எப்படி வாசிப்பது என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்து விவசாயி ஒருவர்