24 ஓம் கெட்டில்

அங் மோ கியோ, சிங்கப்பூர்

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டுக் கிணற்று மோட்டார் மறுபடியும் எரிந்துவிட்டதாக எழுதியிருந்தாய். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் என் வீட்டுக் கூத்தைக் கேள்.

போன வாரம் சமையலறையில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. பார்த்தால், கெட்டில் செருகியிருந்த எக்ஸ்டென்ஷனில் ஒரு துளை பழுப்பேறி இளகிக் கிடக்கிறது. 13 ஆம்ப்ஸ் ஃபியூஸ் போகவில்லை, டிரிப்பும் ஆகவில்லை. கெட்டில்தான் கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்று வீட்டில் ஒரே பேச்சு. கப்பல் பட்டறையில் இருபது வருஷம் ஒயர் இழுத்தவனிடமா!

கெட்டிலின் அடியில் 2200 வாட் என்று போட்டிருந்தது. இங்கே 230 வோல்ட். வகுத்தால் கரண்ட் ஒன்பதரை ஆம்ப்ஸ் சொச்சம். 230-ஐ அந்த ஆம்ப்ஸால் வகுத்தால் கெட்டிலின் தடை, 24 ஓம். பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கெட்டிலின் சுவிட்சை அழுத்திவிட்டு (முதலில் அழுத்த மறந்துபோய் மீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்) கீழ்ப் பின்கள் இரண்டிலும் மல்டிமீட்டரை வைத்தேன். 24.3 காட்டியது. கெட்டில் மேல் குற்றமில்லை. எக்ஸ்டென்ஷனில் பிடிப்பு தளர்ந்து, அந்த இடத்தில் தடை கூடிச் சூடேறியிருக்கிறது என்றேன்.

உயர்நிலை மூன்று படிக்கும் பேத்தி விடவில்லை. "தாத்தா, 700 வாட் ரைஸ் குக்கருக்குக் கணக்குப் போட்டால் 76 ஓம் வருது. 24 ஓம் கெட்டில்தான் அதைவிட அதிகமாச் சுடுது. தடை குறைஞ்சா சூடு கூடுதுன்னுதானே அர்த்தம்? அப்புறம் எப்படி பிளக்கில் தடை கூடினதால் சூடுன்னு சொல்றீங்க?"

சத்தியமாக, ஒரு நிமிஷம் வாயடைத்துப்போனேன். நாம் யாராவது இப்படிக் கேட்டோமா? சூத்திரத்தை மனப்பாடம் செய்து சர்ட்டிபிகேட் வாங்கினவர்கள்தானே.

பிறகு தாளில் போட்டுக் காட்டினேன். கெட்டிலுக்கும் குக்கருக்கும் தனித்தனியாக முழு 230 வோல்ட் கிடைக்கிறது. அங்கே தடை குறைந்தால் கரண்ட் கூடும், வாட்டும் கூடும். தளர்ந்த இடமோ கெட்டிலோடு ஒரே வரிசையில் நிற்கிறது. எவ்வளவு கரண்ட் என்பதைக் கெட்டிலின் 24 ஓம்தான் தீர்மானிக்கிறது. தளர்ந்த இடம் என்கிற இவனுக்கு அதில் அதிகாரமே இல்லை. அந்த ஒன்பதரை ஆம்ப்ஸை அதே ஒன்பதரையால் பெருக்கி, அதைத் தன் தடையால் பெருக்கினால் வருவதுதான் இவன் சூடு. 0.3 ஓம் என்று வைத்துக்கொள்: 27 வாட். நம் பழைய சால்டரிங் அயன் 25 வாட்தானே! அதைப் பிளாஸ்டிக்குக்குள் செருகி வைத்த மாதிரி. அதே துளையில் குக்கர் இருந்தால் மூன்று ஆம்ப்ஸ், மூன்று வாட்கூட வராது. கரண்ட் ஏறத்தாழ மூன்று மடங்கு, சூடு பத்து மடங்கு. ஒன்பதரை ஆம்ப்ஸைப் பார்த்து 13 ஆம்ப்ஸ் ஃபியூஸ் ஏன் போகப்போகிறது?

எக்ஸ்டென்ஷன் குப்பைக்குப் போயிற்று. கெட்டில் இப்போது நேராகச் சுவரில்.

சரி, உன் மோட்டார். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் என் கெட்டில் 1350 வாட்டுக்குச் சுருங்கி, மெதுவாகக் கொதித்துவிட்டுப் போகும். மோட்டார் அப்படியில்லை. அதே தண்ணீரை ஏற்றியாக வேண்டுமே என்று இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும். மோட்டார் காயிலுக்குள்ளும் கரண்டைக் கரண்டால் பெருக்கும் அதே சூட்டுக் கணக்குதான். மறுபடி காயில் கட்டக் கொடுக்குமுன், சாயங்காலம் ஊரெல்லாம் லைட் போட்டதும் வீட்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
மாணிக்கம்