பதில் யாருக்குப் போகிறது?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. குடியிருப்போர் சங்கத்துக்கு நீ செயலாளரானதும் சந்தோஷம். இனி 140 வீடுகளுக்கும் மின்னஞ்சல் போட வேண்டுமே, சங்கடம் வராமல் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தாய்.

முதலில் 'ரிப்ளை' பொத்தானை நம்பாதே. அதை அழுத்தியதும் 'டூ' கட்டத்தில் விழும் முகவரியைப் பார். மடலின் தலைப்பகுதியில் 'ரிப்ளை-டூ' என்று ஒரு வரி இருந்தால், பதில் அனுப்பியவருக்குப் போகாது, அந்த வரியில் உள்ள முகவரிக்குத்தான் போகும். ஒரே முகவரிக்கு அனுப்பினால் எல்லாருக்கும் போய்ச் சேரும் குழு முகவரிகள் பலவற்றில் அங்கே குழுவின் முகவரியே இருக்கும். பராமரிப்புக் கட்டணம் ஏன் பாக்கி என்று ஒருவர் தன் வீட்டுக் கஷ்டத்தை உனக்கு மட்டும் எழுதுவதாக நினைத்து 'ரிப்ளை' தட்டுவார், ஊரே படிக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. கூகுள் குரூப்ஸ் என்றால், பதில்கள் யாருக்குப் போக வேண்டும் என்று அமைப்புகளில் கேட்கும் இடத்தில் 'எழுதியவருக்கு மட்டும்' என்று இன்றைக்கே மாற்றிவிடு.

குழு இல்லாமல் அனுப்புவதானால் 'டூ'வில் உன் முகவரி, மற்ற எல்லாரும் 'பிசிசி'யில், அதாவது பெறுபவர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் பார்க்க முடியாத கட்டத்தில். அப்போது யார் 'ரிப்ளை ஆல்' அடித்தாலும் உனக்கு மட்டுமே வரும். ஆனால் ஒருவருக்கு எழுதும் மடலில் இன்னொருவரை ரகசியமாகப் பிசிசியில் வைக்காதே. அந்த ரகசிய ஆள் 'ரிப்ளை ஆல்' அழுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அனுப்பிய மடலைப் பிறகு அவருக்குத் தனியே ஃபார்வர்டு செய்.

ஃபார்வர்டு செய்யும்போது கீழே கடைசிவரை இறங்கிப் பார். பத்து நாள் பழைய உரையாடல் வாலாகத் தொங்கும்; ஒப்பந்தக்காரரைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டது அவருக்கே போய்ச் சேரும்.

பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் ஜிமெயில் தானே முகவரியை நிரப்பும். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் தவறான ஆள் விழுவது சுலபம். அதனால் புது மடலில் விஷயத்தை எழுதி, இணைப்பைச் சேர்த்து, கடைசியில் 'டூ'வை நிரப்பு. முகவரி இல்லாத மடல் கை தவறியும் போகாது.

ஜிமெயிலில் அனுப்பியதைத் தடுக்க முதலில் 5 விநாடிதான் கிடைக்கும். கணினியில் அமைப்புகளுக்குப் போய் அதை 30 ஆக்கு. பக்கத்தின் அடியில் உள்ள சேமிக்கும் பொத்தானை அழுத்தினால்தான் மாற்றம் நிற்கும். அவுட்லுக்கில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் 'ரீகால்' இருக்கிறதே என்று நினைக்காதே. அது ஒரே நிறுவனத்துக்குள்தான் வேலை செய்யும். ஜிமெயிலுக்குப் போனது போனதுதான்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் யாராவது குழு முழுவதற்கும் "என் பெயரை நீக்குங்கள்" என்று எழுதுவார். 1997இல் மைக்ரோசாஃப்டில் சுமார் 13,000 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலில் இப்படித்தான் ஆரம்பித்தது. "என்னையும்" என்று பலர், "எல்லாருக்கும் பதில் போடாதீர்கள்" என்று எல்லாருக்கும் இன்னும் பலர். அங்கே அஞ்சல் சேவையகங்களே திணறின. நீ குழுவுக்கு ஒரு வரிகூட எழுதாதே. அவருக்குப் போன் செய், பெயரை எடுத்துவிடு, யாரும் மேலும் பதில் போட முடியாதபடி அந்த உரையாடலைப் பூட்டிவிடு.

கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். அடுத்த கடிதத்தில் அம்மாவின் பார்வை எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
சந்திரன்