ஒரு பல்லை அடைக்க முக்கால் மணி நேரம் ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சொத்தைப் பல்லை அடைக்க வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் ஒரு பல்லுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறோம். "இத்தனூண்டு ஓட்டைக்கு இவ்வளவு நேரமா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். கேட்காதவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம் விளக்கம் சொன்னால் அவரால் திருப்பி ஒரு வார்த்தை கேட்க முடியாது. அதனால் எழுதியே சொல்லிவிடலாம் என்று இந்த மடல்.

முதலில் ஓட்டை எப்படி வருகிறது என்று பார்ப்போம். பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்கிறோம். பூச்சி எதுவும் கிடையாது. பல்லின் மேல் படியும் வழவழப்பான படலத்தில் வாழும் கிருமிகள், நாம் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேலோடான எனாமலில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். உடம்பிலேயே கடினமானது அதுதான். ஆனாலும் அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, போன தாதுவில் கொஞ்சத்தைத் திருப்பியும் கொடுக்கும். அடிக்கடி எதையாவது இனிப்பாகக் கொறித்துக்கொண்டே இருந்தால் அதற்கு அவகாசமே கிடைக்காது. போவது அதிகம், வருவது குறைவு என்று ஆனால் ஒருநாள் மேலோடு உள்வாங்கிவிடும்.

எனாமலில் நரம்பு இல்லை, அதனால் வலிக்காது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் அதைவிட மென்மையானது; சொத்தை அதைத் தொட்டதும் பக்கவாட்டில் பரவும். வெளியே கடுகளவு தெரிவது உள்ளே நாலு மடங்கு குடைந்திருப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். "வலி இல்லையே, எதற்கு அடைக்க வேண்டும்?" என்பவர்களுக்கு எங்கள் பதில்: வலி இல்லாததால்தான் அடைத்தாலே போதும் என்கிறோம். விட்டுவிட்டு வலிக்குமே, அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் வேர் சிகிச்சைதான். எனாமலில் வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிற ஆரம்பச் சொத்தை என்றால் தோண்டவே மாட்டோம். ஃபுளோரைடு பூசிக் கவனித்துக்கொண்டிருப்போம்.

சரி, அடைப்புக்கு வருவோம். வெள்ளையாக எதை வைத்தாலும் சிமென்ட் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் பெரும்பாலும் வைக்கும் பல் நிறப் பொருள் காம்போசிட். ஒருவகைப் பிசினில் நுண்ணிய கண்ணாடித் துகள்களைக் கலந்த பசை அது. எடையில் முக்கால் பங்கு துகள்தான். அமெரிக்காவில் ரஃபேல் போவன் என்பவர் இதற்கான பிசினை உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் பசை இருந்தால் மட்டும் போதாது, அது பல்லில் ஒட்ட வேண்டுமே! அதற்கு வழி அதற்கும் முன்பே, 1955-இல், மைக்கேல் புவனகோர் என்ற பல் மருத்துவருக்குத் தோன்றியிருந்தது. உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலத்தால் அதைக் கழுவுவார்கள். அதையே எனாமலில் செய்து பார்த்தார். எனாமல் சொரசொரப்பானது, பிசின் பிடித்துக்கொண்டது. இன்று வரை அதுதான் அடிப்படை. பல்லை உருக்குகிற அதே வேலையை நாங்கள் அளவோடு, கால் நிமிடம் மட்டும் செய்கிறோம்.

நேரம் எங்கே போகிறது என்பது இங்கேதான் புரியும். அமிலம் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாத குழிகளாக இருக்கும். கழுவி உலர்த்தி, ஒட்டும் திரவத்தைத் தடவினால் அது அந்தக் குழிகளுக்குள் இறங்கி வேர் பிடிக்கும். அதற்குள் துளி உமிழ்நீர் பட்டாலும் குழிகள் அடைபட்டுப் போகும். மறுபடி முதலிலிருந்து. வாய்க்குள் ஒரு பல்லை மட்டும் நனையாமல் வைத்திருப்பது, மழையில் நின்றுகொண்டு கடிதம் ஒட்டுவது மாதிரி. அதற்காகத்தான் ரப்பர் துணியில் ஓட்டை போட்டு அந்தப் பல்லை மட்டும் வெளியே எடுக்கிறோம். முகமூடி போட்ட மாதிரி இருக்கிறது என்று சிலருக்குப் பிடிப்பதில்லை. மூக்கால் தாராளமாக மூச்சு விடலாம். அசௌகரியமாக இருந்தால் கையை உயர்த்துங்கள், எடுத்துவிடுவோம்.

இதை அனுபவத்தில் கற்றோம். ஒருமுறை, கூட்டமான நாளில், கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை, ரப்பர் துணி இல்லாமல், ஈரத்தை உறிஞ்சப் பஞ்சை மட்டும் பக்கத்தில் வைத்து அவசரமாக அடைத்து அனுப்பினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வருடம் ஆவதற்குள் விளிம்பில் பழுப்புக் கோடு விழுந்து, அடியில் மறுபடி சொத்தை. அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செலவில்லாமல் திரும்ப அடைத்துக் கொடுத்தோம், அன்றிலிருந்து நேரத்தையும் கூட்டினோம்.

அப்புறம் அந்த நீல விளக்கு. லேசரா என்று கேட்கிறார்கள். இல்லை, சாதாரண நீல ஒளிதான், அலைநீளம் சுமார் 470 நானோமீட்டர். பசையில் இருக்கும் ஒரு பொருள் அந்த ஒளி பட்டதும் விழித்துக்கொண்டு பிசினை இறுகவைக்கும். நேராகப் பார்த்தால் கண்ணுக்குக் கெடுதல் என்பதால்தான் ஆரஞ்சு நிறத் தடுப்பு. இறுகும்போது பசை 2, 3 சதவீதம் சுருங்கும். மொத்தமாகத் திணித்து ஒரே தடவை ஒளி காட்டினால் சுருங்குகிற இழுப்பில் விளிம்பு விட்டுப் போகலாம், அடிவரை ஒளியும் எட்டாது. அதனால் வழக்கமான பசையை 2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைக்கிறோம். ஒவ்வோர் அடுக்குக்கும் 20 விநாடி அளவில் ஒளி. இரண்டு பல்லுக்கு இடைப்பட்ட சொத்தை என்றால் மெல்லிய தகடும் ஆப்பும் வைத்து பக்கச் சுவரையும் கட்ட வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் சாப்பிடும்போதெல்லாம் சந்தில் இழை மாட்டிக்கொண்டு உயிரை எடுக்கும்.

நிறத்தை நாங்கள் வந்த உடனே பார்ப்பதற்கும் காரணம் உண்டு. வாயைத் திறந்து வைத்தால் பல் காய்ந்து வெளுத்துத் தெரியும். அந்த நிறத்துக்குப் பொருத்தினால் மறுநாள் அடைப்பு தனியே பளிச்சென்று நிற்கும். பல்லை வெளுப்பாக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்துகொண்டு, இரண்டு வாரம் கழித்து அடைக்க வாருங்கள். பல் வெளுக்கும், அடைப்பு வெளுக்காது.

எல்லாப் பல்லுக்கும் காம்போசிட்தான் என்று சொல்ல மாட்டோம். ஈறுக்குக் கீழே இறங்கி ரத்தம் கசியும் இடத்தில் கிளாஸ் அயனோமர் என்ற வேறொரு அடைப்புப் பொருள் நல்லது. ஈரத்தை ஓரளவு பொறுக்கும், ஃபுளோரைடும் விடும். ஆனால் தேய்மானம் அதிகம், அழகும் கொஞ்சம் மட்டு. பாதிப் பல்லே போய்விட்டது என்றால் அடைப்பு தாங்காது, கேப் போடுவதே மேல்.

பழைய வெள்ளி அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் எடையில் பாதி பாதரசம் என்பது உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து, மருத்துவத் தேவை இருந்தாலொழிய, அதைத் தடை செய்திருக்கிறது. நாங்களும் புதிதாக வைப்பதில்லை. ஆனால் உங்கள் வாயில் ஏற்கெனவே இருப்பது உடையாமல், அடியில் சொத்தை இல்லாமல் இருந்தால் நிறத்துக்காக அதைப் பெயர்த்தெடுக்கச் சொல்லாதீர்கள். பெயர்க்கும்போது நல்ல பல்லும் கொஞ்சம் போகும், பாதரச ஆவியும் அப்போதுதான் அதிகம் கிளம்பும். பணம் வருமே என்பதற்காக இதை நாங்கள் செய்வதாக இல்லை.

அடைத்த பிறகு: காம்போசிட் உடனே இறுகிவிடும், காத்திருக்கத் தேவையில்லை. ஊசியின் மரப்பு போகும்வரை மட்டும் சாப்பிடாதீர்கள், கன்னத்தைக் கடித்துவிடுவீர்கள். ஓரிரு வாரம் குளிர்ச்சிக்குக் கூசலாம், தானே குறையும். கூச்சம் குறையாமல் கூடினாலோ, இரவில் தானாக வலித்தாலோ வந்து காட்டுங்கள். டீயும் காபியும் நாளடைவில் விளிம்பில் கறை ஏற்றும். மெருகு போட்டால் பெரும்பாலும் போய்விடும். நன்றாக அமைந்த அடைப்பு பத்து வருடம்கூட உழைக்கும், ஆனால் இத்தனை வருடம் என்று எழுதிக் கொடுக்க எங்களால் முடியாது. பாதி உங்கள் பிரஷ்ஷின் கையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மரத்துப்போன வாயால் கடித்துப் பார்க்கும்போது சரியாகத் தெரியாது. வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது, மெல்லும்போது சுருக்கென்கிறது என்றால், பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். முன்பதிவு எதுவும் வேண்டாம், நேராக வாருங்கள். நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, உயர்ந்த இடத்தைத் தேய்த்துவிட ஐந்து நிமிடம் போதும். அதற்குக் கட்டணமும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பல் மருத்துவமனையார்