எந்த பாஷையிலாவது சொல்லிக்கொடு

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

அம்மா எழுதுவது. தேவ கிருபையால் இங்கே நாங்கள் சுகம். நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நடக்கப் போகச் சொன்னால்தான் ஏதாவது சாக்குச் சொல்கிறார். மொட்டை மாடி ஒழுகலை ஆள் வைத்துப் பார்த்தாயிற்று. சித்தி மகள் கல்யாணம் தள்ளிப் போயிருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

போனிலேயே பேசியிருக்கலாம். போனில் நீ எப்போதும் அவசரத்தில் இருக்கிறாய். எழுதி அனுப்பினால் ராத்திரி படுக்கும் முன்னாவது நிதானமாகப் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு வீடியோவில் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது, "அவளுக்குத் தமிழ் புரியாதும்மா, சும்மா உட்கார வெச்சு என்ன பண்றது" என்று சொல்லி பாப்பாவை விளையாட அனுப்பிவிட்டாய். அப்பா சங்கீதம் வாசித்தபோது உன் கேமராவும் அணைந்திருந்தது. நெட் சரியில்லை போல என்று அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் என்று தலையாட்டினேன்.

தமிழ் புரியாது, சரி. ஜெர்மன் புரியுமே, கண்ணா. பாப்பா விழுந்து அடிபட்டால் எந்த பாஷையில் அழுகிறாளோ அந்த பாஷையில் இயேசுவைப் பற்றிச் சொல். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்களை, முதலில் எங்கள் பாஷையைப் படித்துவிட்டு வாருங்கள் என்று யாரும் அனுப்பிவிடவில்லை. அப்போஸ்தலர் பேசினதை அவரவர் ஜென்ம பாஷையிலேயே கேட்டார்கள். சண்டே ஸ்கூலில் இந்தப் பகுதியை நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! நீயும் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன்தான்.

நீ இப்போது குடியிருக்கிற சீமையிலிருந்துதானே சீகன்பால்க் ஐயர் மிஷனரியாக நம்மிடம் வந்தார். சாக்சனியில் பிறந்து, ஹாலேயில் படித்து, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு இருபத்து நான்குகூட முழுசாக ஆகவில்லை. டேனிஷ்காரர் கோட்டை, கடற்கரையோரம் எல்லாம் போர்த்துகீசு பேச்சு. அதை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவரும் கூட வந்த புளூட்சோ ஐயரும் அதையும் கற்றார்கள்தான். ஆனால் ஜனங்கள் தங்கள் வீட்டுக்குள் பேசுவது தமிழ் என்று கண்டதும், ஊர் வாத்தியாரைத் தாங்கள் இருந்த வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் 'அ'னா 'ஆ'வன்னா எழுதினார். படித்த மனுஷன், குருப்பட்டம் பெற்றவர், மணலில் விரலை வைத்து எழுதினார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வந்தவுடன் பிரசங்கம் பண்ணிக்கொண்டே திரிந்தவர் இல்லை அவர். நம் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி வாசித்தார், பிரதி எடுக்க ஆள் வைத்தார். நம் ஜனங்கள் எதை நம்புகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். கோட்டை அதிகாரியோடு மோதல் வந்து நாலு மாதம் சிறையிலும் கிடந்தார். லண்டனிலிருந்து அச்சு யந்திரம் வந்தது, ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரிதாக இருந்ததால் இங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்திருந்தார். 1719-ல் காலமானபோது வயது முப்பத்தாறு. தரங்கம்பாடி எருசலேம் கோயிலில் அவர் கல்லறை முன்னால் நீ நின்றிருக்கிறாய். அன்றைக்கு உனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்ததுதான் உனக்கு ஞாபகம் இருக்கும்.

அவருடைய தாயாரைப் பற்றி வாசித்திருக்கிறேன். அவர் சிறு பிள்ளையாயிருந்தபோதே அந்த அம்மாள் போய்விட்டார்கள். சாகும் தறுவாயில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்களுக்குப் பெரிய பொக்கிஷம் சேர்த்து வைத்திருக்கிறேன், வேதபுத்தகத்தில் தேடுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் என் கண்ணீரால் நனைத்திருக்கிறேன் என்றார்களாம். அந்தத் தாய் ஜெர்மனில் அழுதது தரங்கம்பாடியில் தமிழாக வந்து நின்றது. எனக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அப்பா படித்த பள்ளிக்கூடம் யார் பெயரில் இருக்கிறது? பப்ரிசியுஸ் ஐயர் பெயரில். அவரும் ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரிதான், 1742-ல் நம் சென்னைக்கு வந்தவர். வேதாகமத்தைத் திரும்ப மொழிபெயர்த்தார், அகராதி போட்டார், ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் கொண்டுவந்தார். நம் சபையில் ஞாயிறுதோறும் பாடுகிறோமே, அதில் எத்தனையோ மெட்டு பாப்பாவின் ஊர் மெட்டுதான். போன கிறிஸ்துமஸுக்கு நான் கொத்துக்கடலை உரித்துக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தபோது, போனில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பாப்பா வாயில் விரலை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இரண்டாவது அடியில் நிறுத்தியதும், மீதி மெட்டை அவளே "லா லா" என்று பாடி முடித்தாள். மருமகள் சிரித்துவிட்டு என்னவோ சொன்னாள். நீ பக்கத்தில் இல்லை, வேலையாக இருந்தாய். இருந்திருந்தால் பாப்பாவுக்குப் புரியாது என்று சொல்லியிருக்க மாட்டாய்.

நீ ஒன்பது வயதில் முதலாம் கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரத்தை ஒரு வார்த்தை தப்பாமல் ஒப்பித்து எவர்சில்வர் தட்டு வாங்கினவன். அந்தத் தட்டில்தான் அப்பா இன்றைக்கும் சாப்பிடுகிறார். ஆயர் அன்றைக்கு உன் தலையில் கை வைத்து, இந்தப் பிள்ளை நாக்கு கர்த்தருக்கு வேண்டும் என்றார். இப்போது நீ ஆபீசில் அந்த ஊர்க்காரர்களுக்கே அவர்கள் பாஷையில் பாடம் நடத்துகிறாயாம், மாமா பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமைதான். அத்தனை பேருக்குப் பேசுகிற நாக்கு, படுக்கப்போகிற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஜெபம் சொல்லக் கூடாதா? ஜெர்மனில் சொல், தமிழில் சொல், கலந்து சொல். சொல்லாமல் மட்டும் விட்டுவிடாதே.

பாஷைதான் காரணம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. வேறு ஏதாவது காரணம் இருந்தால், நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் என்னிடம் மட்டும் சொல்.

கீழ்வீட்டுப் பெண் நர்சிங் முடித்துவிட்டு உன் நாட்டுக்கு வருவதற்காக நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவனுக்குப் போய் ஜெர்மன் படிக்கிறாள். சாயங்காலம் நான் சுண்டல் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு அவளிடம் உட்காருகிறேன். பரமண்டல ஜெபத்தை ஜெர்மனில், தமிழ் எழுத்தில், என் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். "ஃபாட்டர் உன்சர் இம் ஹிம்மெல்" வரை பார்க்காமல் வருகிறது. அதற்கடுத்த வரியில் 'கெஹைலிக்ட்' என்று ஒன்று, நாக்கு அங்கே போய் முட்டுகிறது. பரவாயில்லை, பழகிவிடும். இந்த வயதில் உனக்கு எதுக்கு என்று அப்பா கேட்டார். என் பேத்தி பேசுகிற பாஷை, வேறு எதுக்கு?

லைப்சிக்கிலிருந்து ஹாலே ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை என்கிறார்கள். அங்கே சீகன்பால்க் ஐயருக்குப் பாடம் சொன்ன பிராங்கே ஐயர் கட்டின இடத்தில் நம் தமிழ் ஓலைச்சுவடிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பாப்பாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போ. காட்டுகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். பாட்டி வீட்டு எழுத்து இது என்று சொல். மருமகளையும் கூட்டிப் போ, பாவம், அவளுக்கும் யாரும் இதெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பீரோவில் உன் ஞானஸ்நான வெள்ளைக் கவுனை எடுத்து வெயிலில் காயப்போட்டு மடித்து வைத்தேன். உன் அக்கா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அதைத்தான் போட்டோம். பாப்பாவுக்கு இனிமேல் பத்தாது, தெரியும். கைப்பக்கம் பிரித்து வைத்துத் தைக்கலாம் என்று தையல்காரர் சொல்கிறார். துணி மீதி இருக்கிறது. நான் எதையும் கேட்கவில்லை, தகவலுக்காக எழுதினேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய். காதை மூடிக்கொண்டு போ. பாப்பாவுக்கு மூக்கு ஒழுகினால் நான் சொன்ன ஓமத்தைத் துணியில் கட்டி வை, கொடுத்தனுப்பிய டப்பாவில் இருக்கிறது. ராத்திரி ஜெபத்தை மறக்காதே.

வருகிற ஞாயிறு அப்பா சங்கீதம் வாசித்து முடித்ததும் நான் அந்த ஜெர்மன் ஜெபத்தைச் சொல்லப் போகிறேன். தப்புத் தப்பாகத்தான் வரும். பாப்பாவை விளையாட அனுப்பாதே, பக்கத்தில் வைத்துக்கொள். நான் தடுமாறுகிற இடத்தில் அவள் எடுத்துக் கொடுக்கட்டும். அவளுக்கு அது இன்னும் தெரியாதென்றால், ஞாயிற்றுக்குள் நீ சொல்லிக்கொடுத்துவிடு. அதில் ஒன்றும் நீளமில்லை.

மருமகளுக்கு என் அன்பு. பாப்பாவுக்கு முத்தங்கள்.

உன் அம்மா
புரசைவாக்கம், சென்னை