71 புள்ளியும் 4 லீற்றர் பெற்றோலும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோவு இப்போது குறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு கோணேசர் கோயில் வரை ஏறி வருகிறார். இங்கே மாரி மழை தொடங்கிவிட்டது, பள்ளிக்கூடமும் விடுமுறை. ஆகவே உன் மகன் கேட்ட கேள்விக்கு ஆறுதலாக இருந்து பதில் எழுத எனக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5க்காகப் புதுப்பித்து வெளியிட்ட 'டேஸ் கோன்' என்ற வீடியோ விளையாட்டை வாங்க அவன் விரும்புகிறான் என்றும், விமர்சகர்களின் புள்ளிகளைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் அதன் முதற்பதிப்புக்கு 100க்கு 71 புள்ளி மட்டுமே இருப்பதைப் பார்த்து நீ தயங்குகிறாய் என்றும் எழுதியிருந்தாய். அந்த 71 எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். நான் ஓர் ஆண்டுக்கு மேல் மனதில் வைத்திருந்த விடயம் இது. இங்கே இதைப் பேச எனக்கு ஆள் இல்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பெண்ட் என்ற நகரில் இருக்கும் பெண்ட் ஸ்டூடியோ, தன் சொந்த மாநிலத்தின் காடுகளையும் மலைகளையும் எரிமலை ஏரியையுமே களமாக வைத்து இந்த விளையாட்டைச் செய்தது. 2016 இல் ஈ3 என்ற வீடியோ விளையாட்டுக் கண்காட்சியில் முதலில் காட்டியபோது, பழைய மர ஆலை ஒன்றுக்குள் நூற்றுக்கணக்கான ஸொம்பிகள் ஒரே வெள்ளமாகப் பாய்ந்து வர, ஒருவன் தனியாக ஓடி ஓடிச் சுடும் காட்சியைத்தான் காட்டினார்கள். 2019 ஏப்ரல் 26 அன்று விளையாட்டு வெளிவந்தபோது விமர்சகர்கள் எதிர்பார்த்தது அந்த வெள்ளத்தை. ஆனால் அந்த ஆலைக்குக் கதை நம்மை அழைத்துச் செல்வது பிற்பகுதியில்தான். அதற்கு முன்னே பல மணிநேரம் ஸொம்பிகளின் கூடுகளை எரிப்பதும், கொள்ளையர் முகாமைப் பிடிப்பதும், யாரோ ஒருவரைத் துரத்திப் பிடிப்பதுமாகவே போகிறது. விமர்சனத் தளங்களில் ஐஜிஎன் 10க்கு 6.5 கொடுத்தது, கேம்ஸ்பொட் 5 கொடுத்தது. கதை நீண்டுவிட்டது, பணிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன, நாயகன் டீக்கனின் குணம் நிலையாக இல்லை, மென்பொருள் வழுக்கள் நிறைய என்பவை பலரும் சொன்ன குறைகள். காட்டின் அழகையும் மாறும் வானிலையையும் அந்தப் பெருங்கூட்டங்களையும் பெரும்பாலானோர் பாராட்டவே செய்தார்கள்.

அவர்கள் சொன்ன குறைகளில் பொய் எதுவும் இல்லை. கணினிப் பதிப்பு 2021 மே மாதம் வந்தது. நான் அதை 2022 மார்கழி விடுமுறையில் கழிவு விலையில் வாங்கி விளையாடியபோது வழுக்களில் பெரும்பகுதி திருத்தப்பட்டிருந்தது, ஆனாலும் முதல் பத்து மணிநேரம் எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. இருமுறை நிறுத்திவிட எண்ணினேன். என்னை நிறுத்தவிடாமல் வைத்திருந்தது மோட்டார் சைக்கிள்.

இந்த விளையாட்டில் டீக்கனின் வண்டிதான் அவனுடைய உயிர். அதற்குப் பெற்றோல் தீரும், அடிபட்டால் பழுதாகும், பழுது பார்க்க இரும்புத் துண்டுகள் தேட வேண்டும். வெளியே இருக்கும்போது விளையாட்டைச் சேமிக்க வேண்டுமானால்கூட வண்டியின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். தொடக்கத்தில் தாங்கி சிறியது. நீண்ட பயணம் என்றால் வழியில் எங்கே பெற்றோல் இருக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் புறப்பட முடியும். இது ஓட்டத்தைக் கெடுக்கும் தொல்லை என்று எழுதிய விமர்சனங்களையும் வாசித்தேன்.

2022 இல் இங்கே எங்கள் நிலை உனக்குத் தெரியும். தொலைபேசியில் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். பெற்றோல் செட்டில் இரவு முழுவதும் வரிசையில் நின்று, விடியும்போது முடிந்துவிட்டது என்று கேட்டு, வண்டியை உருட்டிக்கொண்டு வீடு திரும்பிய நாட்கள் பல. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்திருக்கும் ஊரில் இப்படி நின்றோம் என்பது இப்போதும் மனதை அறுக்கிறது. பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஆனது. நிலாவெளியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர அது சரியாக இருந்தது. அம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போகும் கிழமையில் ஒரு நாள் பேருந்து பார்க்க வேண்டும். உவர்மலைச் சரிவில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தானாக உருள விடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதே மார்கழியில், திரையில் டீக்கனின் வண்டியில் பெற்றோல் கடைசிக் கோட்டுக்கு வந்தபோது, மலைப்பாதை இறக்கத்தில் முடுக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டு அதை உருள விட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கீழே ஒரு பாழடைந்த பெற்றோல் செட் தெரிந்ததும் எனக்கு உண்மையிலேயே மூச்சு வந்தது.

விமர்சகர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வெளியீட்டு நாளுக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், நாளுக்குப் பல மணிநேரமாக ஓட்டி முடிப்பவருக்கு அந்த எரிபொருள் முள் ஒரு தடைதான். நாளுக்கு ஒரு மணிநேரம், மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து விளையாடியவனுக்கு அதுவே விளையாட்டின் நடு நாடி. இரவில் குகைகளிலிருந்து இறங்கி நீர் குடிக்கப் போகும் ஒரு பெருங்கூட்டம் பாதையைக் கடக்கும்வரை, எஞ்சினை நிறுத்தி, வண்டியின் அருகே குந்தியிருந்து காத்திருந்த அந்தப் பத்து நிமிடம் எந்தப் பணிப் பட்டியலிலும் இல்லாதது. அதை எந்தப் புள்ளியில் சேர்ப்பது?

ஆனால் வேறோர் இடத்தில் விமர்சகர்களைவிட எனக்கு மனக்குறை அதிகம். விளையாட்டு முழுக்கக் கைவிடப்பட்ட வீடுகள். கதவைத் திறந்து, அலுமாரியைத் திறந்து, துணியும் போத்தலும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். பார்த்த வீட்டையே திரும்பத் திரும்பப் பார்ப்பது போலிருக்கிறது என்று பலர் எழுதினார்கள், உண்மைதான். 1990 இல் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது உன் அப்பாவும் எங்களோடு இருந்தார் அல்லவா? கதவு இல்லை, ஓடு இல்லை. அம்மா நேரே போனது சாமியறைக்கு. படங்கள் இருந்த இடத்தில் சுவரில் சதுரமாக வெளிறிய தடங்கள் மட்டும் இருந்தன. விட்டுப்போன வீடு என்றால் எனக்கு அந்தத் தடங்கள்தான். இத்தனை அழகாகக் காட்டையும் பனியையும் வரைந்தவர்கள், வீட்டுக்குள் நுழைந்ததும் அதை ஒரு சாமான் அறையாக மட்டும் பார்த்துவிட்டார்கள். உலகம் அழிந்த கதையைச் சொல்லும் விளையாட்டில் இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். என்னிடம் புள்ளி கேட்டால் வழுக்களுக்கு அல்ல, இதற்குத்தான் குறைப்பேன்.

அந்த 71 இன் விளைவையும் நீ அறிய வேண்டும். இரண்டாம் பாகத்துக்கான திட்டத்தை ஸ்டூடியோ 2019 இல் முன்வைத்தபோது அது மறுக்கப்பட்டது என்று 2021 ஏப்ரலில் புளூம்பேர்க் செய்தி வெளியிட்டது. விளையாட்டு இலாபம் ஈட்டியது; ஆனால் உருவாக்கம் நீண்டதும் விமர்சனம் கலவையாக இருந்ததும் காரணங்கள் என்று அந்தச் செய்தி சொன்னது. அதே மாதத்தில் கதையாசிரியரும் இயக்குநர்களில் ஒருவருமான ஜோன் கார்வின் ஒரு நேர்காணலில், ஒரு விளையாட்டை விரும்பினால் முழு விலைக்கு வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் 60 டொலர் என்பது, ஒரு டொலர் 360 ரூபாவைத் தாண்டியிருந்த 2022 இல், எங்களுக்கு 21,000 ரூபாவுக்கு மேல். ஆண்டுக்கு ஒன்றுதான் வாங்கலாம் என்றிருப்பவனுக்கு விமர்சனம் ஒன்றுதான் துணை. ஆகவே அதை எழுதுபவர் எத்தனை நாளில், எந்த நிலையில் இருந்த பதிப்பை விளையாடினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். 2022 ஜனவரியில் மற்றொரு இயக்குநரான ஜெஃப் ரொஸ், தான் விலகும் வேளையில் விற்பனை 80 இலட்சத்தைத் தாண்டியிருந்தது என்றும், அப்படியிருந்தும் அது ஏமாற்றமாகவே பார்க்கப்பட்டது என்றும் எழுதினார். கணினிப் பதிப்பு மெட்டாகிரிட்டிக்கில் 76 பெற்றது. ஈராண்டுத் திருத்தமும் ஐந்து புள்ளியும். கார்வினுக்கும் ரொஸுக்கும் அது பிந்திவிட்டது.

உன் மகனுக்கு வாங்கிக் கொடு. வயது பதினேழு ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய உண்டு, அதை நீ அறிந்தே செய். முதல் பத்து மணிநேரத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு உடனே தாவும் வேகப் பயணத்தைக் கூடியவரை பயன்படுத்தாமல் வண்டியில் போகச் சொல், தாங்கியைப் பெரிதாக்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல். முடித்ததும் அவன் எத்தனை புள்ளி கொடுக்கிறான் என்று எனக்கு அவனே எழுதட்டும். அவனுடைய தமிழ் எழுத்தைப் பார்த்தும் நாளாகிறது.

தை மாதம் வருவதாகச் சொன்ன பயணம் உறுதியா? உறுதியென்றால் முன்கூட்டியே அறிவி; அம்மா அறையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்