தென்னை உச்சியில் பாட்டு கேட்கும் ஊரிலிருந்து

அபையாங் தீவு,
கிரிபாட்டி.
செப்டம்பர் 15

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை தலைநகர் தராவாவிலிருந்து வந்த படகில் சேர்ந்தது. அரிசி மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டு வந்திருக்கிறார்கள். உறை நனைந்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது.

நேற்று 14-ஆம் தேதி. மணப்பாட்டில் சிலுவைக் கோயில் திருவிழா. நீயும் அப்பாவும் போயிருப்பீர்கள். இங்கே காலைப் பூசையில் உட்கார்ந்திருந்தபோது என் மனம் அந்த மணல் மேட்டில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். “கற்றுக் கொடுக்க நம்மூரில் பிள்ளைகள் இல்லையா?” அந்த வரியைப் பல தடவை படித்தேன். கோபத்தில் கேட்டது இல்லை என்று தெரியும். போனில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்தத் தீவில் சிக்னல் வந்து வந்து போகும், பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். அதனால்தான் இந்த நீளக் கடிதம். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு.

முதலில் நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்கிறேன். எழுதுவது கிரிபாட்டி, சொல்வது கிரிபஸ். இவர்கள் மொழியை எழுத ஆங்கில எழுத்துகளில் 13 மட்டும்தான். அதில் ‘எஸ்’ கிடையாது. ‘டி’யும் ‘ஐ’யும் சேர்ந்து வந்தால் அதுதான் ‘ஸ’ ஒலி. 33 தீவுகள் சேர்ந்த நாடு. எல்லா நிலத்தையும் கூட்டினாலும் 811 சதுர கிலோமீட்டர்தான், நம் தூத்துக்குடி மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இவர்களுக்குச் சொந்தமான கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் சிதறிக் கிடக்கிற மக்கள் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் அளவில்தான்.

சென்னையில் ஏறி, சிங்கப்பூர், அங்கிருந்து பிஜி, பிஜியிலிருந்து மூன்று மணி நேரம் பறந்து தராவா, அப்புறம் படகு. பிஜியில் நாண்டி என்ற ஊரில் ஒரு நாள் தங்கினேன். அங்கே நம்மூர்க் கோபுரத்தோடு ஒரு முருகன் கோயில் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன நம் சனங்களின் பேரப்பிள்ளைகள் கும்பிடுகிற கோயில். அதைப் பார்த்தபோது வீட்டை விட்டு வந்த முதல் ஆள் நான் இல்லை என்று ஒரு தைரியம் வந்தது.

தீவு ஒரு நாடா மாதிரி இருக்கிறது அம்மா. ஒரு பக்கம் ஆழ்கடல், மறுபக்கம் காயல், நடுவே நடந்து கடக்கிற அளவுக்கு மண். எல்லாம் பவளப்பாறை நொறுங்கிச் சேர்ந்த வெள்ளை மணல். பல இடங்களில் கடல் மட்டத்திலிருந்து ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம், அவ்வளவுதான். மலை இல்லை, ஆறு இல்லை. பாடப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ‘மலை’ என்று வந்தபோது எதைக் காட்டுவது என்று முழித்தேன். மணலைக் குவித்துக் காட்டினேன். பிறகு குதிரைமொழித் தேரியைப் பற்றிச் சொன்னேன். சிவப்பு மணல், காற்றில் இடம் மாறும், நடுவே பனைமரங்கள் என்றேன். மணல் எப்படிச் சிவப்பாக இருக்கும் என்று பிள்ளைகள் நம்பவே இல்லை. அடுத்த கடிதத்தோடு தேரியின் படம் ஒன்று அனுப்பு.

நான் இருப்பது சிஸ்டர்மார் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில். கூரை தாழை ஓலை. நம்மூரில் தாழையைப் பூவுக்காகத் தெரியும். இங்கே கூரையும் அதில்தான், பாயும் அதில்தான், பழத்தையும் சமைத்துக் கூழாக்கிக் காயவைத்துச் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. மீன், தேங்காய், சீமைப்பலா, கப்பலில் வரும் அரிசி. கப்பல் தாமதமானால் கடையில் அரிசியும் சர்க்கரையும் தீர்ந்துபோகும். அப்போது ‘பாபாய்’ என்ற கிழங்கு கை கொடுக்கும். நம் சேம்புக்குப் பெரியம்மா மாதிரி, இலையே ஆள் உயரம். நிலத்தடி நீர் தட்டுப்படும் வரை குழி தோண்டி நட்டு, இலை தழைகளைப் போட்டு வருடக்கணக்கில் வளர்க்கிறார்கள். யார் வீட்டுக் குழியில் எத்தனை கிழங்கு என்பது மரியாதைக்குரிய விஷயம்.

தண்ணீர்தான் பெரிய பாடு. மழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு மாதிரி மிதக்கிறது. கிணறு தோண்டினால் அந்த ஏடுதான் கிடைக்கும். அதிகம் இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். நம் வீட்டுக் கிணறு உப்பாகிப் போன வருடம் நீ அழுதது நினைவு வந்தது. குடிக்கக் கூரை வழியே தொட்டியில் பிடிக்கும் மழைநீர், குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீர். 2022-இல் மழை பொய்த்து, நாடு முழுவதற்கும் வறட்சிப் பேரிடர் என்று அரசாங்கம் அறிவித்த காலத்தைப் பற்றி சிஸ்டர் சொல்லும்போது குரலே மாறிவிடுகிறது. முதல் மாதம் கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் நான்கு நாள் படுத்திருந்தேன். உன்னிடம் மறைத்தேன், மன்னித்துக்கொள். இப்போது கொதிக்க வைக்காமல் ஒரு வாய் குடிப்பதில்லை.

இதே தீவில் தெபுங்கினாகோ என்று ஒரு கிராமம். கடல் கரையை அரித்து அரித்து, பழைய ஊரை விட்டுச் சனங்கள் உள்ளே தள்ளிப் போய்விட்டார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனோம். தண்ணீருக்குள் வேரோடு நிற்கிற பட்டுப்போன தென்னைகளைக் காட்டி, “அங்கேதான் எங்கள் தாத்தா வீடு” என்று ஒரு சிறுமி சொன்னாள். அழவில்லை, திசையைக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். அனோட்டே டோங் ஜனாதிபதியாக இருந்தபோது, 2014-இல், பிஜியில் நிலமே வாங்கிப் போட்டார்கள். ஆனால் நான் பழகிய பெரியவர்களில் ஒருவர்கூட இந்த மண்ணை விட்டுப் போக ஆசைப்படவில்லை. இந்தப் பிள்ளைகள் எங்கே போய் வாழ நேர்ந்தாலும் கணக்கும் ஆங்கிலமும் கையில் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு வெறியே வந்தது.

அத்தை, “மதம் மாற்றப் போயிருக்கிறாளா?” என்று கேட்டாளாமே. அத்தையிடம் சொல். இந்த நாட்டில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர்கள். அந்த விசுவாசத்தை முதலில் கொண்டு வந்தவர்கள் வெளிநாட்டுக் குருக்கள் இல்லை. டஹிட்டி தீவுக்குத் தோட்ட வேலைக்குப் போன இவர்களுடைய ஆட்கள் இரண்டு பேர், பெட்டேரோ, டிரோய். அங்கே ஞானஸ்நானம் பெற்று, ஊர் திரும்பி, குரு இல்லாமலேயே மக்களுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு குரு வேண்டும் என்று கேட்டு, 1888-இல்தான் நொனோட்டி தீவில் குருக்கள் வந்து இறங்கினார்கள். கூலி வேலைக்குப் போனவர்கள் சம்பாதித்து வந்தது அது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

நான் செய்வது கணக்கும் ஆங்கிலமும் நடத்துவது. சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளைப் புதுநன்மைக்கு, முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு, தயார் செய்கிறேன். சம்பளம் கிடையாது. தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் ஆஸ்திரேலிய டாலர். ஞாயிற்றுக்கிழமை பாட்டைத்தான் நீ கேட்க வேண்டும். ஆர்மோனியம் இல்லை, மைக் இல்லை. ஒவ்வொரு குரல் ஒவ்வொரு உயரத்தில் போய் ஒன்றாகக் கூடும்போது உடம்பு சிலிர்க்கிறது.

ஊர்ப் பேச்செல்லாம் ‘மானெயாபா’ என்ற பெரிய மண்டபத்தில் நடக்கும். சுவர் இல்லாத ஓலைக் கூரை. குடும்பத்துக்குக் குடும்பம் உட்கார இடம் தலைமுறையாக உண்டு. தெரியாமல் ஒரு பெரியவர் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். யாரும் திட்டவில்லை. ஒரு பாட்டி கையைப் பிடித்து மெதுவாக நகர்த்தித் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பாட்டி பக்கம்தான் என் இடம்.

இன்னொரு வழக்கம் ‘புபுட்டி’, சொல்வது புபுஸ். உறவென்று வந்து ஒருவர் ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா என் எவர்சில்வர் தம்ளரைக் கேட்டாள். என் பெயர் வெட்டி நீ கொடுத்த தம்ளர். கொடுத்துவிட்டு அறைக்குள் வந்து அழுதேன். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அதே அக்கா கேட்காமலே தன் வீட்டுக் கொசுவலையைக் கழற்றிக் கொண்டுவந்து கட்டினாள். மருந்து குடிக்கத் தண்ணீர் கொடுத்தது அந்தத் தம்ளரில்தான். தம்ளர் போனதற்காக நீயும் வருத்தப்படாதே.

இனி சொல்லப்போவதுதான் உன் கேள்விக்குப் பதில்.

9-ஆம் வகுப்பில் ஒரு பையன் தினமும் தாமதமாக வருவான். வந்தால் பாதி நேரம் தூக்கம். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் கண்டித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் கிணற்றடியில் இருந்தபோது மேலே இருந்து பாட்டு கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் தென்னை உச்சியில் அவன். பாளையைக் கட்டி, நுனியை மெல்லியதாகச் சீவி, சொட்டுகிற பதநீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டிருந்தான். காலையும் மாலையும் ஏற வேண்டும். மேலே இருக்கிறவர்கள் பாடுவது இங்கே வழக்கம். அவன் அப்பா வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறார். மூத்த ஆண்பிள்ளை இவன்தான்.

அம்மா, நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அப்பா எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டுப் பனையில் ஏறியவர். அவர் தாமதமாகப் போன நாட்களில் எந்த வாத்தியாராவது ஏன் என்று கேட்டிருந்தால்? நான் கேட்கவில்லையே அன்றைக்கு. கண்டிக்க மட்டும்தானே செய்தேன்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மாலையில் அவன் இறங்கியதும் மரத்தடியிலேயே ஒரு மணி நேரம் கணக்குப் போடுகிறோம். இன்னும் நான்கு பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். வருடக் கடைசியில் பரீட்சை. மேலே படிக்க அதில் தேற வேண்டும். பின்னங்களில் தடுமாறுகிறான். ஆனால் ஐந்து குப்பியைக் காய்ச்சினால் எத்தனை குப்பிப் பாகு மிஞ்சும் என்று கேட்டால் மனக்கணக்காகச் சொல்லிவிடுகிறான். அங்கிருந்துதான் பின்னத்தைத் தொடங்கினேன்.

ஆங்கிலத்தில் ‘எஃப்’ ஒலி இவர்கள் மொழியில் இல்லை. நமக்கும்தான் இல்லை. ஆச்சி இன்னும் ‘பாதர்’ என்றுதானே சொல்கிறாள். பற்களைக் கீழுதட்டில் வைத்து ஊதக் கற்றுக் கொடுக்கும்போதெல்லாம் நான் அதைக் கற்ற நாள் ஞாபகம் வரும். சவேரியார் 1542-இல் நம் கடற்கரைக்கு வந்து, தமிழில் செபங்களை மனப்பாடம் செய்து, தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார் என்று மணப்பாட்டுக் குகையில் நின்று நீதான் எனக்குச் சொன்னாய். அவர் ஊரிலும் பிள்ளைகள் இருந்தார்கள்தானே அம்மா? அப்போது அந்தக் கேள்வி உனக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

நம்மூரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வந்து அவர்களுக்கும் நடத்துவேன், இது சத்தியம். ஆனால் ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு வந்தேனே, அதை இரண்டாக்க அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். இந்த வகுப்பு பரீட்சை முடிந்து போனாலும், அடுத்த வகுப்பில் இப்போதே மூன்று பேர் மரம் ஏறுகிறார்கள். நானும் இப்போதுதான் இவர்கள் மொழியில் பேசிப் புரிய வைக்கிற நிலைக்கு வந்திருக்கிறேன். தம்பி கல்யாணத்தைத் தையில் வைத்தால் விடுமுறையில் வந்து போக முடியுமா என்று சிஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் டிசம்பரில் வந்துவிடுவேன். மனம் நோகாமல் சொல்.

அப்புறம், அப்பாவிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். இங்கே பதநீரைக் காய்ச்சிப் பாகாக்குகிறார்கள். பெயர் கமைமாய். பார்க்க, முகர, நம் பனம்பாகு கூப்பனியேதான். முதல் தடவை நாக்கில் பட்டபோது நீ பதநீர் காய்ச்சுகிற விடிலிக் குடிசையின் புகை வாசமே வந்த மாதிரி இருந்தது. ஆனால் பாகோடு நிறுத்திவிடுகிறார்கள், கருப்பட்டி ஆக்குவதில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிற வழக்கத்தையும் நான் இங்கே பார்க்கவில்லை. இறக்கியதை உடனே குடிக்காமலோ காய்ச்சாமலோ விட்டால் கள்ளாகிவிடுகிறது. பையனின் அம்மாவும் நானும் வருகிற சனிக்கிழமை பாகைச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆகிறதா என்று பார்க்கப் போகிறோம். தென்னம் பதநீருக்கும் அதே பதம்தானா? பவளக் கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைக் கலயத்தில் தடவலாமா, எவ்வளவு தடவ வேண்டும்? பொங்கி வழியாமல் இருக்க நீ ஆமணக்கு முத்து தட்டிப் போடுவாயே, அது இங்கே கிடைக்காது. வேறு என்ன போடலாம்?

நாளை விடியற்காலை பாதர் தராவாவுக்குப் படகில் போகிறார், இதை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வருகிற மாதம் முதல் சனிக்கிழமை நானும் தராவா போகிறேன். அன்று இங்கே மாலை மூன்று மணிக்கு, உங்களுக்குக் காலை எட்டரைக்கு, போன் செய்வேன். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். சுண்ணாம்பு அளவை அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆச்சிக்கு என் முத்தம். தம்பிக்கு என் அன்பு.

உன் அன்பு மகள்

பின்குறிப்பு: பெயர் வெட்டின தம்ளர் ஒன்று வாங்கி வை. இந்தத் தடவை என் பெயர் வேண்டாம். அந்த அக்காவின் பெயரைப் போனில் எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்.