கூண்டுக்கு இல்லை, குப்பைத்தொட்டிக்கு: பூங்காக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

பூங்கா அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"எலி பெருகிப்போச்சு, புறாத் தொல்லை தாங்கவில்லை, பிடித்துக்கொண்டு போய் எங்காவது விட்டுவிடுங்களேன்" என்று பலர் எங்களிடம் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. கூண்டு வாங்கத்தான் நாங்களும் முதலில் பணம் திரட்டினோம்.

மனம் மாறியதற்குக் காரணம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். 1961 முதல் 1985 வரை அங்கே பிடித்தும் சுட்டும் ஏறக்குறைய 1 லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். எண்ணிக்கையோ 20,000 அளவிலேயே நின்றது. தீனி இருக்கிறவரை, காலியான இடத்தை அடுத்த குஞ்சுகள் வந்து நிரப்பிவிடும். 1988இல் வழியை மாற்றினார்கள். இரை போடாதீர்கள் என்று மக்களிடம் எடுத்துச் சொன்னார்கள். புறாக்கள் தங்க மாடங்கள் அமைத்து, அங்கே அவை இடும் முட்டைகளை அப்புறப்படுத்தினார்கள். நான்கு ஆண்டு சொச்சத்தில் கூட்டம் பாதியானது.

நம் பூங்காவிலும் தீனிதான் வேர். மூடாத தொட்டி, பெஞ்சுக்கடியில் கிடக்கும் மிச்சம், அப்புறம் குளத்தில் வீசுகிற ரொட்டி. (எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் வீசிக்கொண்டிருந்தார்கள்!) வாத்து தின்றது போக மீதி அழுகும், பாசி படரும், நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும்.

சரி, எலிக்கு மருந்து வைத்தால்? வழக்கமான எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் சோர்ந்து திரியும். ஆந்தைக்குச் சுலபமாக மாட்டும். விஷம் ஆந்தையின் ஈரலில் போய்த் தங்கும். சம்பளம் வாங்காமல் ராத்திரி முழுக்க எலி பிடிக்கிறவரை நாமே கொன்ற கதைதான்.

ஆகவே நீங்கள் தரும் பணத்தில் பெரும்பங்கு, விலங்குகள் திறக்க முடியாத தாழ்ப்பாளும் மூடியும் உள்ள தொட்டிகளுக்குப் போகும். தரையில் காங்கிரீட் போட்டுப் பதிக்கப்போகிறோம். இல்லையென்றால் உருட்டிக் கவிழ்த்துவிடும். மீதியில் ஒரு புறா மாடமும் ஆந்தைகளுக்கு மரப்பெட்டிகளும். அறிவிப்புப் பலகை இரண்டே இரண்டுதான், யாரும் நின்று படிப்பதில்லை. அதற்குப் பதில் ஞாயிறுதோறும் குளக்கரையில் நின்று வருகிறவர்களிடம் பேசுவோம். பணம் தர இயலாதவர்கள் அதற்கு வந்தாலே போதும்.

தொகை சிறிதோ பெரிதோ, பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதாமாதம் பூங்கா வாசலில் ஒட்டப்படும்.

கூண்டுக்கென்று முன்பே கொடுத்தவர்களுக்கு: அந்தத் தொகையைத் தொட்டிக் கணக்குக்கு மாற்றலாமா, திருப்பித் தரவா என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் அதைத் தொடமாட்டோம்.

இப்படிக்கு,
பூங்காப் பராமரிப்புக் குழுவினர்